வல்லூறும் கடற்பஞ்சும்

சீடன்: குருவே, பொரி வல்லூறு இரையின்மேல் பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. கடற்பஞ்சோ பாறையில் ஒட்டிக் கிடக்கிறது. கண் இல்லை, வாய் இல்லை, இரைப்பை இல்லை, நரம்புகூட இல்லை. இரண்டையும் விலங்கு என்றே சொல்வதை என் மனம் ஏற்கவில்லை.

குரு: எது மேல் என்று முடிவு செய்துவிட்டாயோ?

சீடன்: தொல்காப்பியர் உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால்தானே வரிசைப்படுத்தினார்? அந்தக் கணக்கில் வல்லூறுக்கு ஐந்தறிவு. கடற்பஞ்சுக்கு ஒன்று தேறுமா என்பதே ஐயம்.

குரு: ஒன்று தேறும். சீண்டினால் அது மெல்லச் சுருங்குகிறது. அது இருக்கட்டும். வல்லூறுக்குக் கண் எதற்கு?

சீடன்: இரையைக் காண.

குரு: தப்பியோடும் இரையைக் காண. கூர்ந்து நோக்கும் குழி நம் விழித்திரையில் ஒன்றுதான். அதற்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. அப்படியிருந்தும் பல பாய்ச்சல்கள் வீணாகின்றன. கடற்பஞ்சின் இரை பாக்டீரியா. அது நீரோடு தானே வருகிறது. சாட்டை போன்ற இழையுடைய உயிரணுக்கள் ஓயாமல் அடித்து, உடலெங்கும் உள்ள துளைகள் வழியே நீரை உள்ளிழுக்கின்றன. தன் பருமனைப்போல் பல்லாயிரம் மடங்கு நீரை ஒரே நாளில் வடிக்கும் இனங்கள் உண்டு. அதற்கு இல்லை என்று நீ எண்ணியவை எல்லாம் அதற்குத் தேவைப்படாதவை.

சீடன்: வேட்டையாட நேர்ந்தால் அதற்கும் கண் தேவைப்பட்டிருக்குமே?

குரு: நேர்ந்திருக்கிறது. இரை அருகிய ஆழ்கடலில் சில கடற்பஞ்சுகள் நீர் இறைப்பதையே விட்டுவிட்டன. அந்தக் குடும்பத்து இனம் ஒன்றை மத்தியதரைக் கடலின் குகையொன்றில் கண்டு, 1995-இல் அறிவித்தார்கள். அதன் இழைகளில் நுண்கொக்கிகள் உண்டு. சிறு இறால்வகை உயிரி அவற்றில் சிக்கியதும், உயிரணுக்கள் நகர்ந்துவந்து அதை மூடிச் செரிக்கின்றன. கண்ணும் இல்லை, நரம்பும் இல்லை. வேட்டை மட்டும் நடக்கிறது.

சீடன்: அப்படியானால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லையா?

குரு: பெரிய வேறுபாடு உண்டு. 1907-இல் வில்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்து தனித்தனி உயிரணுக்களாக்கினார். அவை ஊர்ந்து கூடி மறுபடியும் கடற்பஞ்சாயின. வல்லூறை ஒருமுறை பிரித்துவிட்டால் அதோடு அது முடிந்தது. எனக்கு இந்தச் சோதனை அதன் பாய்ச்சலைவிட வியப்பாக இருக்கிறது.

சீடன்: இருவேறு இனங்களை ஒன்றாகப் பிழிந்து கலந்தால்?

குரு: கலந்தும் பார்த்தார்கள். உயிரணுக்கள் தம் இனத்தோடு மட்டுமே சேர்ந்தன.

சீடன்: தன்னது எது, பிறிது எது என்று அதற்குத் தெரிகிறதா! இந்த அறிவை அந்த வரிசையில் எங்கே வைப்பது?

குரு: வல்லூறின் குருதியிலும் வெள்ளையணுக்கள் தன்னதையும் அந்நியத்தையும் பிரித்துத்தான் கிருமியை அழிக்கின்றன. அதன் ஐம்புலனில் எதற்கும் அந்தச் செய்தி எட்டுவதில்லை.

சீடன்: அப்படியென்றால் நான் எண்ணியது வேட்டைக்குப் பயன்படும் அறிவை மட்டும்தான், குருவே.