தெரியுமா, வருமா?

'நீச்சல் தெரியுமா?' என்றும் கேட்கிறோம், 'நீச்சல் வருமா?' என்றும் கேட்கிறோம். இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் ஒரு பியானோ முன்னால் உட்கார்ந்து பாருங்கள்.

மேஜர் ஸ்கேலைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். இரண்டு கறுப்புக் கட்டைகள் ஜோடியாக இருக்குமிடத்தில், இடது பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டையில் ஆரம்பித்து, வெள்ளையாகவே எட்டுக் கட்டை ஏறினால் சி மேஜர். கர்நாடக சங்கீதக்காரர்கள் 'அட, நம்ம சங்கராபரணம்!' என்பார்கள். கமகம்தான் கிடையாது. கட்டைவிரலை ஒன்று என்று வைத்துக்கொண்டால் வலது கைக்கு ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அவ்ளோதான், தெரிந்துவிட்டது.

இப்போது வாசியுங்கள். மூன்று சுரம் வரை சரி. அப்புறம் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து அடுத்த கட்டைக்குப் போக வேண்டும். போகாது. போனாலும் முழங்கை தூக்கிக்கொள்ளும். அந்த ஒரு சுரம் மட்டும் 'டங்'கென்று விழும். மோதிர விரல் இன்னும் மோசம். அதை நிமிர்த்தும் தசைநாண் பக்கத்து விரல்களோடு பிணைந்தது. தனியாகத் தூக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும்.

விரலுக்கும் மூளைக்கும் நடக்கும் இந்த இழுபறியை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தவர் ஒரு டாக்டர், நம் கொல்லிமலையில் பிறந்தவர். குண்டனி நாடு, வாழவந்தி நாடு என்று நாடு நாடாகக் கிடக்கும் அந்த மலையில், 1914-ல், மிஷனரி தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் மீட்டவர்.

அதில் ஒரு முறை இது: மோதிர விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களில் ஒன்றை எடுத்து, செயலிழந்த கட்டைவிரலில் தைப்பது. தையல் ஆறியதும் கட்டைவிரல் சொன்னபடி கேட்டுவிடுமா? கேட்காது. மூளை இன்னும் பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். மோதிர விரலை மடக்குவதாக நினைத்தால்தான் கட்டைவிரல் நகரும். நோயாளிக்கு இதெல்லாம் தெரியும், டாக்டர் சொல்லியாயிற்று. வர வேண்டுமே! தினம் தினம் உட்கார்ந்து பழக வேண்டும். பியானோ வராவிட்டால் நமக்கொன்றும் குடி முழுகாது. அவர்களுக்கு சோற்றுக் கவளமும் பிழைப்பும் அந்த விரலில் இருந்தன.

இனி, கொஞ்சம் சங்கடமான கேள்வி. பொறுமை நல்லது என்று உங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வயதான அப்பா ஒரே கேள்வியை நாலாவது தடவை கேட்கும்போது வருகிறதா? வராததற்கு நாம் என்ன செய்கிறோம்? இன்னொரு புத்தகம் வாங்குகிறோம், இன்னொரு சொற்பொழிவுக்குப் போகிறோம். தெரிந்ததையே திரும்பத் தெரிந்துகொள்கிறோம்! பொறுமை வராதவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழகிப் பார்க்காதவரை வேண்டுமானால் திட்டலாம்.

பழகுவது என்றால் மெதுவாக, எரிச்சல் வருமளவு மெதுவாக. அவசரப்பட்டுத் தப்பாக வாசித்தால் விரல் அந்தத் தப்பையும் சிரத்தையாகக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பாகுபாடு தெரியாது. அப்பாவின் ஐந்தாவது கேள்விக்கும் இதே கதிதான்.

வலது கைக்கு வந்துவிட்டதா? சந்தோஷம். இடது கைக்குக் கணக்கே வேறு: ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று. முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.