அளவையும் பரிவும்

வள்ளூருக்கு அளவைகள் புதியனவல்ல. அனல்மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரிக்கு ஓர் அளவு. அங்கே பிறக்கும் மின்சாரத்துக்கு 1,500 மெகாவாட் என்று ஓர் அளவு. ஆனால், பக்கவாதத்தில் வீழ்ந்த ஒருவரின் கை மீண்டும் அசையத் தொடங்கும்போது அவ்வசைவை எதனால் அளப்பது? அளப்பதால் அவருக்கு நன்மை உண்டா?

மருத்துவ உலகம் கையாளும் அளவைகளுள் இரண்டைக் காண்போம். 1975இல் சுவீடன் நாட்டு ஃபூகல்-மேயர் குழுவினர் வகுத்தது ஒன்று. அது உறுப்பை நோக்குகிறது. தோள் உயர்கிறதா, முழங்கை மடங்குகிறதா, விரல்கள் பற்றுகின்றனவா? இயலாவிடில் 0, ஓரளவு இயன்றால் 1, முழுமைக்கு 2. கைக்கு 66, காலுக்கு 34, ஆக 100. மற்றொன்று, 1965இல் அமெரிக்காவில் வெளியான பார்த்தெல் அளவை. அது வாழ்க்கையை நோக்குகிறது. தாமே உண்கிறாரா, உடுக்கிறாரா, நடக்கிறாரா? வலக்கை வீழ்ந்தபின் இடக்கையால் உண்ணப் பழகியவருக்குப் பின்னதில் எண் உயரும், முன்னதில் உயராது. ஆகவே, எண்ணைக் கேட்குமுன் அது எக்கேள்விக்கு விடை என அறிதல் வேண்டும்.

பார்த்தெல் அளவையில் நுட்பமான விதி ஒன்றுண்டு. நோயாளியால் என்ன செய்ய முடியும் என்பது கணக்கில் வராது. அவர் என்ன செய்கிறார் என்பதே வரும். இவ்விதி நம் இல்லங்களைச் சிந்திக்க வைக்கிறது. வாப்பாவின் கை நடுங்குகிறதே என்று மகள் ஊட்டிவிடுகிறாள். மனைவி பொத்தான் மாட்டிவிடுகிறார். பரிவுதான். ஆயினும் அவரால் இயல்வதை நாம் செய்துவிட்டால், அவருடைய எண்ணைக் குறைப்பவர்கள் நாமே. பயிற்சியற்ற கை மேலும் தளரும். அளவில் குறைப்போரைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கண்டிக்கிறது. குறைவு கடைத்தராசில் மட்டுமா நேர்கிறது?

நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததைப் புகாரியில் காண்கிறோம். இயலாதவரை நிற்குமாறு மார்க்கம் வற்புறுத்தவில்லை. நிற்க இயன்றவரைப் பிறர் அமர்த்திவைக்கவும் இடம் தரவில்லை. இயலுமளவு ஏறும், இறங்கும். தொழுபவரின் கண்ணியம் அதனுடன் இறங்குவதில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். அவர் இருப்பது சிறிது நேரம். எஞ்சிய பொழுது நம் பொறுப்பு. விழுங்குவதில் இடர் இல்லையென மருத்துவர் கூறியபின், ஒரு கவளம் வாய் சேர எவ்வளவு நேரமானாலும் அருகிருந்து காத்திருப்போம். சிந்தியதைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம்.