குளிர்த்தி

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் காலை தாதி மிஸ்ஸி ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். மருந்து அளக்கும் கோப்பை. 30 மில்லிலீற்றர் கோடு வரை தண்ணீர் இருந்தது. "மெல்ல மெல்லக் குடிக்கவேணும் அம்மா. கால் மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செம்பை அண்ணாந்து மடமடவென்று குடித்துப் பழகியவள் நான். அன்று உதட்டை நனைத்து ஒரு மிடறு விழுங்கினேன். அது தொண்டையைத் தாண்டி, நெஞ்செலும்புக்குப் பின்னால் ஊர்ந்து, போய்ச் சேர்ந்த இடம் வரைக்கும் தெரிந்தது. வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கி நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். கொழும்பில் ஒரு வாட்டின் மருந்து நெடிக்கு நடுவே எனக்கு வேப்பிலை மணந்தது. எங்கள் ஊர்க் கண்ணகியம்மன் கோயிலின் குளிர்த்தி நாள் நினைவில் வந்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. சூரியன் படும் கரை, எழும் கரை. நான் படுவான்கரையில் பிறந்து, ஆசிரியை வேலை கிடைத்து எழுவான்கரைக்கு, கல்லடிக்கு வந்தவள். வைகாசி வந்தால் ஊர்ப் பக்கம் மனம் போய்விடும். அம்மன் கோயிலில் கதவு திறப்பார்கள். இரவுகளில் கண்ணகி வழக்குரை காவியம் பாடுவார்கள். கல்யாணக்கால் நடுவார்கள். கடைசியாகக் குளிர்த்தி. மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவளைப் பாட்டாலும் நீராலும் ஆற்றுகிற சடங்கு அது.

சிறுமியாக இருந்தபோது என் பாட்டி, பெத்தாவிடம் கேட்டேன், அம்மன் ஏன் சூடாக இருக்கிறா என்று. பெத்தா சொன்னா: "வயிறு எரிஞ்சு வந்தவ புள்ள. எரியிற வயித்த ஏசக்கூடாது. தண்ணி ஊத்தி ஆத்தணும்."

என் வயிற்றை நான் நாற்பது வருடம் ஏசினேன்.

நான் பிறந்தது 1975இல். அதற்கு முந்திய ஓரிரு வருடங்களில் அரிசி கிடைக்காமல், பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்ற கதையை அம்மா சாகும்வரை சொன்னா. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு மூன்று வயது. கூரை போனது, தென்னைகள் போயின, நெல்லும் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் அளவாகச் சோறு போடத் தெரியவில்லை. "இண்டைக்கு இருக்கு, சாப்பிடு" என்பது பெத்தாவின் வாய்ப்பாடு. 1990இல் யுத்தத்தில் ஊரை விட்டு ஓடி, ஒரு கஞ்சிப் பேசினுக்கு முன்னால் நின்றபோது அந்த வாய்ப்பாடு எனக்கும் மனப்பாடம் ஆனது. என் உடம்பில் ஏறிய சதையை நான் பேராசை என்று நினைத்தேன். அதில் எத்தனையோ பேருடைய பயமும், அதைவிடக் கூடுதலாகப் பாசமும் இருந்ததை இப்போதுதான் அறிகிறேன்.

மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கும்வரை வாவியை, நாங்கள் ஆறு என்போம், கடக்கப் பாதைதான். பாதை என்றால் எங்களுக்கு வழி மட்டுமல்ல. சனத்தையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும் மிதவையும் பாதைதான். ஒருநாள் ஏறும்போது யாரோ, "ரீச்சர் நடுவில நில்லுங்க, பாதை சரிஞ்சிரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய், சேலைகூட மாற்றாமல், சட்டியில் கிடந்த சோற்றை நின்ற நிலையிலேயே தின்றேன்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிப்பேன். ஏழாம் நாள் பாறணையில் அந்த ஆறு நாளையும் சேர்த்துச் சாப்பிடுவேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் மூழ்கும்போது, அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்யும் அந்த வேளையில்கூட, என்னுடைய உடம்பை யார் பார்க்கிறார்கள் என்பதே எண்ணமாக இருக்கும். விரதம் காக்கத் தெரியாதவளுக்கு என்ன பக்தி என்று சாமியறையில் அழுதிருக்கிறேன். 34 வயதில் சீனி வருத்தம் வந்தது. முழங்கால் இரண்டும் போயின. இரவில் மூச்சு முட்டி எழும்பி உட்கார்வேன். 2022இல் என் நிறை 118 கிலோ, உடல் நிறைச் சுட்டெண் 47. அந்த ஆண்டு நாடே எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றது. காலையில் வெறுவயிற்றோடு வந்து வகுப்பில் மயங்கிய பிள்ளையை நான் தாங்கிப் பிடித்தேன். அந்தப் பிள்ளைக்கு முன்னால் இந்த உடம்போடு நிற்க எனக்கு நாணமாக இருந்தது.

பிறகு சந்தித்த சத்திரசிகிச்சை நிபுணர் என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது இது: "இது உங்கட பிழை இல்லை அம்மா. இது ஒரு வருத்தம்."

அவர் விளக்கியதை என் பேச்சில் சொல்கிறேன். இரைப்பையின் மேற்பகுதியில் கிரெலின் என்றொரு சுரப்பு பெருமளவில் உண்டாகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். பசிக்கிறது என்று மூளைக்கு ஓலை அனுப்புவது அது. ஸ்லீவ் சத்திரசிகிச்சையில் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவில் ஒரு குழாயை விட்டுவைக்கிறார்கள். இடம் சுருங்குகிறது, ஓலை அனுப்புகிற பகுதியும் பெரும்பாலும் போய்விடுகிறது. சுட்டெண் 35உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் அமெரிக்க, சர்வதேச உடற்பருமன் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து வழிகாட்டல் வெளியிட்டன. ஆசிய உடல்களுக்கு அந்த எல்லை 27.5 என்று அதிலேயே உண்டு. தையல் ஓரம் கசியலாம், காலில் இரத்தம் கட்டலாம் என்பதையும் டொக்டர் மறைக்கவில்லை.

அவர் பேசப் பேச எனக்குக் காயசண்டிகை நினைவுக்கு வந்தாள். மணிமேகலைக் காப்பியத்தில் வருகிற வித்தியாதரப் பெண். முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியை மிதித்துவிட்டாள். அந்தச் சாபத்தால் அவளுக்கு எத்தனை தின்றும் அடங்காத பசி வந்தது. அந்த நோய்க்கு யானைத்தீ என்று பெயர். காப்பியத்தை எழுதிய சாத்தனார் அவளைப் பெருந்தீனிக்காரி என்று சொல்லவில்லை, நோயாளி என்றுதான் காட்டுகிறார். வகுப்பில் இந்தக் கதையை எத்தனை வருடம் படிப்பித்தேன்! ஒரு தடவையாவது என்னை அவளுடைய இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ஆனாலும் தயங்கினேன். ஆண்டவன் தந்த உடம்பை வெட்டலாமா? வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாதே. இதை மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பி, வாழ்நாள் முழுக்க வயல்காரர். மாரியில் வாவி பெருகி வயல் வட்டைக்குள் ஏறும்போது முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் விடுவதை ஆண்டாண்டாகப் பார்த்தவர். முந்தி வெட்டினால் இறாலும் மீன்குஞ்சும் கடலோடு போய்விடும் என்று மீன்பிடிப்பவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். பிந்தினால் பயிர் அழுகிவிடும் என்று வயல்காரர் பதறுவார்கள். 2011 தை மாத வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

மாமா வெற்றிலையை மென்றபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வட்டைக்க தண்ணி ஏறினா முகத்துவாரத்த வெட்டத்தானே வேணும். வெட்டினாப் போல ஆறு செத்தா போகுது? ஆறு ஆறாத்தான் இருக்கும் மகள்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா அலை சும்மா இராது. திரும்ப மண்ணக் கொண்டு வந்து மூடும். அதையும் பாத்துக்கொள்ளணும்" என்றார்.

2023 பெப்ரவரியில் எனக்கு வெட்டினார்கள். வயிற்றில் ஐந்து சிறு துளைகள். அன்று மாலையே எழுந்து நடக்க வைத்தார்கள். பிறகு தெளிந்த நீர், பருப்புத் தண்ணீர், வடித்த கஞ்சி, மசித்த மீன் என்று வாரம் வாரமாக ஏறினேன். மூன்றாம் மாதம் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டி, பிறகு முளைத்தது. பி12, இரும்பு, கல்சியம் எல்லாம் சாகும்வரை எடுக்கவேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணித்தியாலம் பொறுக்கவேண்டும். ஒன்றரை வருடத்தில் 79 கிலோவுக்கு வந்தேன். சீனி மருந்து ஒன்றாகக் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை.

எழுதவேண்டும் என்று நான் நினைத்தது இவற்றை அல்ல. இரண்டாம் மாதம் ஒரு பின்னேரம் நடந்ததைத்தான்.

மணி நாலு இருக்கும். குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அலுமாரிக் கதவைத் திறந்து, பிஸ்கட் டின்னில் கை வைத்திருந்தேன். பசி இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வயிறு பேசாமல் இருந்தது. வாவி நீர் அசையாமல் கிடக்கிற பின்னேரம்போல் இருந்தது. ஆனாலும் கை போயிருந்தது. வயிறு கேட்கவில்லை என்றால், கேட்டது யார்?

டின்னை மூடி வைத்துவிட்டு விறாந்தையில் போய் இருந்தேன். அந்தக் கேள்வியோடு அப்படியே இருந்தேன். தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். அப்போதுதான் விளங்கியது. நாலு மணி, நான் பள்ளிக்கூடத்தால் வந்து சேர்கிற நேரம். அம்மா தேத்தண்ணியும் கிண்ணத்தில் ஏதாவது பலகாரமும் வைத்துக்கொண்டு, "களைச்சுப் போனியா மகள்?" என்று கேட்கும் நேரம். அம்மா 2016இல் போய்விட்டா. அந்தக் கேள்வியைத்தான் நான் ஏழு வருடமாக டின்னுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

அழுதேன். சாமியறையில் அழுத அழுகை மாதிரி இல்லை இது. அதில் வெட்கம் இருக்கவில்லை.

அன்று முதல் நாலு மணிக்கு அம்மாவின் படத்துக்கு ஒரு விளக்கு ஏற்றுகிறேன். விளக்குக்கு முன்னால் பத்து நிமிடம் இருப்பேன். மந்திரம் ஒன்றும் இல்லை. "களைச்சுப் போனியா?" என்று என்னையே கேட்பேன். ஓம் என்றால் படுப்பேன். இல்லையென்றால் ஆற்றங்கரைக்கு நடப்பேன். தியானம் என்று பெரியவர்கள் சொல்வதன் ஓரத்தில் நான் நிற்கிறேனோ என்னவோ. சத்திரசிகிச்சை எனக்கு அமைதியைத் தந்தது என்று சொல்லமாட்டேன். இரைச்சலை நிறுத்தித் தந்தது. மிச்சத்தை இருந்து கேட்கவேண்டியது என் வேலையாக இருந்தது. சில நாட்களில் கை இன்னமும் டின்னுக்குப் போகிறது. அலை மண்ணைக் கொண்டுவரும் என்று மாமா சொன்னது உண்மை.

ஆறு வாரத்துக்குப் பிறகு சாப்பிட்ட முதல் சோற்றை மறக்கமாட்டேன். சிவப்பரிசிச் சோறு ஒரு சின்னக் கை அளவு, அவித்த மீன் ஒரு துண்டு. தட்டின் நடுவில் சோற்றைப் பார்த்தேன். ஒவ்வொரு பருக்கையிலும் சிவப்புக் கோடு தெரிந்தது. ஒரு கவளத்தை இருபது தடவை மென்றேன். மென்றுகொண்டு போக அது இனித்தது. 48 வருடம் சோறு தின்றவளுக்குச் சோறு இனிக்கும் என்று தெரியாமல் போனதே. மூன்று கவளத்தில் வயிறு நிறைந்தது. மணிமேகலை தன் அள்ளக் குறையாத பாத்திரமான அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடியில்தான் காயசண்டிகையின் யானைத்தீ அவிந்தது. மலைமலையாகத் தின்றபோது அவியாத தீ. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் என் மனதைத் தொடுகிறது. பசித்தவர்களும் நோயாளிகளும் கிடக்கிற உலக அறவியை மணிமேகலைக்குக் காட்டிவிட்டுத்தான் போகிறாள். தன் பசி ஆறியவுடன் அவளுக்குப் பிறர் பசி தெரிந்தது.

இப்போது காலையில் ஒரு சட்டி பயறு அவித்து, தேங்காய்ப்பூ போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறேன். வெறுவயிற்றோடு வருகிற பிள்ளைகள் ஆறேழு பேர் இருக்கிறார்கள். யார் பசியோடு வருகிறார்கள் என்பதைப் பார்க்க முன்பு எனக்குக் கண் இருக்கவில்லை. என் பசியே முன்னால் நின்றது.

போன வைகாசியில் ஊருக்குப் போனேன். குளிர்த்தி முடிந்து உள்ளங்கையில் வார்த்த நீர், அந்த மருந்துக் கோப்பை அளவுதான் இருந்தது. ஒரு மிடறு குடித்து, மிச்சத்தை வயிற்றில், துளைகள் ஆறிய தழும்பின் மேல் தடவிக்கொண்டேன். இவ்வளவு காலம் ஏசினதைப் பொறுத்துக்கொள் என்று என் வயிற்றைக் கேட்டேன்.

பிறகு அன்னதானப் பந்தியில் இருந்தேன். மூன்று பிடி சோறு போதும் என்றதும் பக்கத்தில் இருந்தவர் என் இலையை எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா சாப்பாடு?" என்றார். முன்பு எவ்வளவு கூட என்று பார்த்தார்கள், இப்போது எவ்வளவு குறைவு என்று பார்க்கிறார்கள். எதிர்ப் பந்தியில், நான் முன்பு இருந்த அளவு பருமனில் ஒரு பெண்பிள்ளை தலையைக் குனிந்து, இரண்டாம் தடவை சோறு கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தாள்.

உங்கள் ஊர்ப் பந்தியிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவருக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுங்கள். அவருடைய இலையைப் பார்க்காதீர்கள்.