முஸாபிரின் கையில் மிச்சம்

சென்ற ரஜப் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு தாயார் திண்ணையில் காத்திருந்தார்கள். எனக்கு மாமி முறை. அவர்களுடைய மகன் இரண்டு வருடங்களாக மிஸ்ரில், அதாவது எகிப்து நாட்டில், ஓதிக்கொண்டிருக்கிறார். செலவை ஊர் ஜமாஅத்தின் ஜகாத், ஸதகா நிதி ஏற்றிருக்கிறது. மாமி முந்தானைக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்கள். இஸ்கந்தரிய்யாக் கடற்கரையில் நீண்டு செல்லும் சுவரின் மேல் பையன் உட்கார்ந்திருக்கிறார். கையில் சுட்ட சோளம். பின்னால் கடல்.

"ஓத அனுப்பின காசுல கடல் பார்க்கப் போயிருக்கான்னு தெருவெல்லாம் பேசுறாங்க, ஆலிம்சா. நம்ம ஊர்ல இல்லாத கடலா? இது ஹலாலா ஹராமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல என்னால் இயலவில்லை. மஸ்அலா தெரியாததால் அல்ல. அதே சுவரின் மேல், அதே ஜமாஅத்தின் காசில், நானும் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு வரச் சொல்லி மாமியை அனுப்பிவிட்டேன். அன்றிரவு யோசித்ததையே இங்கு எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளை ஓத வைத்திருக்கும் வீடுகள் நம்மில் பல உண்டு, அவர்களுக்குப் பயன்படலாம்.

நான் கெய்ரோவில் 2014 முதல் 2018 வரை இருந்தேன். மதீனத் நஸ்ர் என்ற பகுதியில் நாலு பேர் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். அங்கே மலாய், இந்தோனேசிய மாணவர்கள் மிகுதி. காலையில் நெரிசலான பஸ்ஸில் அஸ்ஹருக்குப் போவோம். மாலையில் பழைய அஸ்ஹர் பள்ளிவாசலின் தூணடியில் எந்த உஸ்தாதின் தர்ஸ் நடக்கிறதோ அதில் உட்காருவோம். கி.பி. 972-ல் முதல் ஜும்ஆ நடந்த பள்ளிவாசல் அது. ஏழு வருடம் மதரஸாவில் அரபு ஓதியவன் என்ற பெருமையோடு முதல் நாள் கடைக்குப் போய், கிதாபில் உள்ளபடி இலக்கண சுத்தமாக 'குப்ஸ்' கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு உள்ளே இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். அங்கே ரொட்டிக்கு 'ஐஷ்' என்று பெயர். ஐஷ் என்றால் வாழ்வு. காஃப் எழுத்தை விழுங்கிவிடுவார்கள். ஜீமைக் 'க' என்பார்கள். ஊர் மக்களோடு பழகினால்தான் இதெல்லாம் காதில் ஏறும். அறைக்குள்ளேயே கிடந்து, அரபு நாட்டில் நாலு வருடம் இருந்து மலையாளம் நன்றாகக் கற்று வந்தவர்களை நான் அறிவேன்!

ஆகவே, ஓதப் போனவன் அறையை விட்டு நகரவே கூடாது என்பது சரியல்ல. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று அல்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. நாம் பின்பற்றும் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் காஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனா, எமன், பக்தாது என்று அலைந்து, கடைசியில் மிஸ்ருக்கு வந்து ஹிஜ்ரி 204-ல் அங்கேயே வஃபாத்தானார்கள். பக்தாதில் சொன்ன சட்டங்கள் பலவற்றை மிஸ்ரில் மறுபரிசீலனை செய்தார்கள். 'கவ்லுல் கதீம்', 'கவ்லுல் ஜதீத்' என்று மதரஸாவில் மனப்பாடம் செய்கிறோமே, அந்த இரண்டுக்கும் நடுவில் கிடப்பது ஒரு நெடும் பிரயாணம்.

இனி, முஸாபிர் என்ற சொல்லுக்கு வருவோம். எங்கள் வீட்டிலிருந்த ஒருவர் வந்த நாள் முதல் லுஹரை இரண்டு ரக்அத்தாகவே தொழுது வந்தார். கேட்டால், "நான் இந்த ஊர்க்காரன் இல்லையே, முஸாபிர்தானே" என்பார். இப்னு உமர் (ரலி) அவர்கள் அதர்பைஜானில் பனியால் வழியடைபட்டு ஆறு மாதம் கஸ்ராகத் தொழுத செய்தியை ஆதாரம் காட்டுவார். ஆனால் பனி எப்போது உருகும் என்று தெரியாமல், இன்றோ நாளையோ என்று காத்திருந்தவர்களின் நிலை அது. நாலு வருடப் படிப்புக்குக் கையெழுத்திட்டு, வீடு பிடித்து, அடுப்பும் போர்வையும் வாங்கியவரின் நிலை வேறு. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நாலு நாள் தங்க நிய்யத்து வைத்தாலே பிரயாணம் முடிந்தது என்பது ஷாபிஈ மத்ஹபு; ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள். இரண்டில் எதை எடுத்தாலும் அவர் முகீம்தான். இதில் வேடிக்கை, தொழுகையில் முஸாபிராக இருந்தவர் வாடகை பேசும்போது மட்டும், "நான் இங்கேயே இருப்பவன், குறைத்துக் கொடுங்கள்" என்று வாதாடுவார்.

அவரைப் பார்த்துச் சிரித்தேன். என் கணக்கு அதைவிட மோசமாக இருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஜமாஅத்திலிருந்து எனக்கு மாதம் 150 டாலர் வந்துகொண்டிருந்தது. வங்கியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 8.80 எகிப்திய பவுன் கொடுத்துவந்தார்கள். சுமார் 1,320 பவுன். கையைக் கடித்துத்தான் சமாளிக்க வேண்டும். 2016 நவம்பர் 3-ஆம் தேதி அந்நாட்டு மத்திய வங்கி பவுனைச் சந்தையின் போக்கில் விட்டுவிட்டது. டிசம்பரில் டாலருக்கு 18 பவுனுக்கு மேல். அதே 150 டாலருக்கு இப்போது 2,700 பவுன்! எங்களுக்கு ஈத் பெருநாள் போல இருந்தது. கீழே தெருவில் நிலைமை வேறு. சீனி அதற்கு முன்பிருந்தே கிடைக்காமலிருந்தது. எண்ணெய், பெட்ரோல், பஸ் கட்டணம் எல்லாம் ஏறின. ரேஷன் அட்டைக்குக் கிடைக்கும் 5 கிர்ஷ் ரொட்டி மட்டும் அப்படியே இருந்தது. அதற்காக விடியலில் வரிசை நிற்கும். 2017 ஜனவரியில் மருந்து விலையும் கூடிற்று. எங்களுக்கும் விலைவாசி உயர்ந்ததுதான். ஆனால் வாடகை ஒப்பந்தம் பழைய பவுனில் இருந்ததால், மாதாமாதம் 700, 800 பவுன் என் கையில் மிஞ்சியது.

எங்கள் கட்டடத்தின் காவல்காரரை அங்கே 'பவ்வாப்' என்பார்கள். ஸோஹாக் பக்கத்துக்காரர். மனைவி மக்களோடு மாடிப்படிக்குக் கீழேயுள்ள ஒரே அறையில் குடியிருந்தார். ஜனவரி கடைசியில் ஒருநாள் என்னிடம் வந்து, மனைவியின் மருந்துக்காக 200 பவுன் கடன் கேட்டார். நான் உண்மையென்று நம்பித்தான் சொன்னேன்: "இது என் பணமல்ல, அமானத். ஓதுவதற்காக ஊரார் கொடுத்தது. வேறு வழியில் செலவிட எனக்கு உரிமையில்லை." அவர் தலையில் கை வைத்து, "சரி ஷெய்க், அமானத் என்றால் அமானத்" என்று சொல்லிப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அரையாண்டு விடுமுறையில் இஸ்கந்தரிய்யாவுக்கு ரயிலேறினேன்.

இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். கடலோர ஊரில் பிறந்தவன் இரண்டு வருடத்துக்கு மேல் கடலைப் பாராமல் இருந்தால் அது எப்படி இருக்கும் என்பதை உள்நாட்டு வாசகர்களுக்கு விளக்குவது கடினம். மாரிக்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது, அலை சுவரைத் தாண்டி ரஸ்தாவில் விழுந்தது. கலங்கரை விளக்கம் இருந்த இடத்தில் இப்போது கைத்பே சுல்தானின் கோட்டை நிற்கிறது. இப்னு பதூதா 1326-ல் வந்தபோது அந்த விளக்கத்தின் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349-ல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவே முடியாதபடி சிதைந்து போயிருந்தது. அங்கிருந்து அபுல் அப்பாஸ் முர்ஸீ (ரஹ்) அவர்களின் பள்ளிவாசலுக்குப் போனேன். பக்கத்திலேயே, நம் வீடுகளில் ஓதப்படும் புர்தாவை இயற்றிய இமாம் பூஸீரீ (ரஹ்) அவர்களின் பள்ளிவாசல். உம்மா சிறுவயதில் மடியில் வைத்துக்கொண்டு புர்தா ஓதியது நினைவுக்கு வந்தது.

லுஹர் ஜமாஅத் முடிந்திருந்தது. கிப்லா அங்கே தென்கிழக்கு, கடல் வடக்கு. நம் ஊரில் கிப்லா மேற்கு, கடல் கிழக்கு. இரண்டு ஊரிலும் தொழ நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால்தான். கஸ்ராக இரண்டு ரக்அத் நிய்யத்துச் செய்யக் கையை உயர்த்தும்போது ஒரு சந்தேகம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. ஷாபிஈ மத்ஹபில் பாவமான பிரயாணத்துக்குக் கஸ்ர் சலுகை கிடையாது. பிரயாணத்தினிடையே பாவம் செய்பவர் வேறு. அவருக்குச் சலுகை உண்டு. புறப்பட்டதே பாவமாக இருந்தால்தான் இல்லை. கடனின் தவணை வந்து, கொடுக்க வசதியும் இருந்து, கடன் கொடுத்தவரின் அனுமதியின்றிக் கிளம்பியவரை இதற்கு உதாரணமாகக் கிதாபுகளில் எழுதியிருக்கிறார்கள். நான் எந்த வகை? பவ்வாபிடம் சொன்னது மெய்யானால், அமானத்தை எடுத்துக்கொண்டு கடலைப் பார்க்க வந்தவன். இந்தப் பிரயாணம் ஆகுமென்றால், அவரிடம் சொன்னது பொய். இரண்டும் மெய்யாக இருக்க முடியாது. அன்று லுஹரை நாலாகவே தொழுதேன்.

கெய்ரோ திரும்பியதும் கிதாபுகளைப் புரட்டினேன். மார்க்கக் கல்வியில் ஈடுபட்டிருப்பவர், சம்பாதிக்கப் போனால் ஓதுவது தடைபடும் என்றிருந்தால், உழைக்கத் தெம்பிருந்தாலும் ஏழைக்குரிய ஜகாத்தை வாங்கலாம். அப்படி வாங்கியது அவருக்கே சொந்தம். கடலும் பார்க்கலாம், சோளமும் தின்னலாம். ஆனால் அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் எண்ணிச் சொல்லும் எட்டுக் கூட்டத்தாரில் 'இப்னு ஸபீல்' என்ற வழிப்போக்கராக வாங்கியிருந்தால், பிரயாணம் முடிந்து மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் நம் இமாம்கள். ஹனஃபி மத்ஹபில், மிஞ்சியதைத் தர்மம் செய்துவிட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இனி ஸதகாவாகக் கொடுத்தது: ஒருவர் காசைக் கொடுத்து, "தலைப்பாகை வாங்கிக்கொள்" என்கிறார். மெய்யாகவே இவர் தலை மூடப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு சொல்லியிருந்தால் தலைப்பாகைதான் வாங்க வேண்டும். "டீ சாப்பிடு" என்று நாம் கொடுப்பதைப் போல வழக்கத்தில் சொன்ன வார்த்தையானால், வாங்கியவர் இஷ்டப்படி செலவழிக்கலாம். ஆகக் கொடுத்தவரின் மனதைத் தெரியாமல் என் மிச்சம் யாருடையது என்று தீர்க்க முடியாது. அந்த மனம் இருந்ததோ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

முற்காலத்தில் அஸ்ஹரில் மஃரிபிகள், துருக்கியர், ஷாம் நாட்டார் என்று அந்தந்த நாட்டு மாணவர்களுக்குத் தனித்தனி ரிவாக்குகள் இருந்தன. வக்ஃபு வருமானத்திலிருந்து அன்றாடம் ரொட்டியாகவே கொடுத்தார்கள். ரொட்டிக்குச் செலாவணி விகிதம் கிடையாது. நாங்கள் டாலராக வாங்கியவர்கள்.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று என் நஃப்ஸைக் கேட்டால் அது நல்ல பதிலாகச் சொல்லவில்லை. 150 டாலரை 80 ஆக்கிவிடுவார்களோ என்ற பயம்தான். 2018-ல் ஸனது பெற்று ஊர் வந்த பிறகே ஜமாஅத் பொருளாளரான பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடற்கரைப் பயணத்தை அவர் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. "ஓதுற பிள்ளை ஊரைப் பார்க்காம என்ன செய்யும், தம்பி? உங்களுக்குக் கொடுத்தது உங்களுக்குத்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, "பணம் பெருத்ததை மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வருஷம் இன்னொரு பையனும் கேட்டு வந்தான். காசு போதாதுன்னு நிறுத்தினோம். அவன் துபாய்க்குக் கடை வேலைக்குப் போயிட்டான்" என்றார்.

குறை கூறும் தொனியே அதில் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

சட்டப்படி நான் தப்பிவிட்டேன். பணம் என்னுடையதே, பிரயாணமும் ஆகுமானதே, அன்று இரண்டு ரக்அத்தாகவே தொழுதிருக்கலாம். ஆனால் பணம் என்னுடையது என்றால், பவ்வாபுக்குக் கொடுக்க எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அமானத் என்ற கனமான சொல்லை ஒரு ஏழையின் முகத்துக்கு முன் கதவாகச் சாத்தினேன். எனக்கு ஆசை வந்தபோது திறந்துகொண்டேன். பொருளைக் கையாளும் உரிமை வேறு, அதைப் பற்றி உண்மை பேசும் கடமை வேறு. முதலாவதைக் கிதாபில் தேடிக் கண்டுபிடித்த நான் இரண்டாவதற்குக் கிதாபைத் திறக்கவேயில்லை. நம் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் பெரியவர்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: பணம் கொடுக்கும் அன்றே, எந்த வகையில் கொடுக்கிறோம், மிஞ்சினால் என்ன செய்ய வேண்டும் என்று ஏன் சொல்லிவிடக் கூடாது? கணக்குக் கேட்பதை அவமானம் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறோம். பையன் அங்கே தலைப்பாகையா டீயா என்று புரியாமல் தடுமாறுகிறான்.

மிஸ்ருக்குப் போன ஒரு மாணவரிடம், 2019-ல் பவ்வாபுக்கென்று 200 பவுனுக்குப் பதில் கூடுதலாகவே கொடுத்தனுப்பினேன். அவர் அந்தக் கட்டடத்தை விட்டுச் சொந்த ஊர் போய்விட்டதாகத் தகவல் வந்தது. விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மாமி வந்தார்கள். கடற்கரையில் உட்கார்ந்தது ஹராமில்லை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது, அதற்கு மேல் கேட்காமலே எழுந்திருக்கப் பார்த்தார்கள். உட்காரச் சொல்லி என் கதையைச் சொன்னேன். 2024 மார்ச்சில் மிஸ்ரின் பவுன் மறுபடியும் ஒரே நாளில் பெரிதாக விழுந்தது என்பதையும், அவர்கள் மகனின் கையிலும் மிச்சம் இருக்கக்கூடும் என்பதையும் சொன்னேன். மாமி நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அவன்கிட்ட நான் எப்படிக் கேட்பேன்? உம்மா என்னைச் சந்தேகப்படுறான்னு நினைப்பானே" என்றார்கள்.

நான் சொல்லச் சொல்ல அவர்களே கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார்கள். பாதியில் நான் சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு, அங்கே குளிருகிறதா, சோளம் எவ்வளவு விலை என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.