தோற்றேன் என்று சொன்னவர்

சிவன் கோயில்களில் கருவறையைச் சுற்றி வருகிறவர்கள் பின்சுவருக்கு வந்ததும் ஒரு கணம் நின்று கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அங்கே லிங்கோத்பவர் இருக்கிறார். கீழே மண்ணைக் குடையும் பன்றி, மேலே பறக்கும் அன்னம். யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் போட்டி போட, அடியும் முடியும் காண முடியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்ற கதை அது. அந்தக் கதை நடந்த ஊர் என்று பெயர் பெற்றது திருவண்ணாமலை. பன்றியாய்ப் போன திருமால் அடியைக் காணாமல் திரும்பி வந்து, என்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். அன்னமாய்ப் பறந்த பிரமனும் முடியைக் காணவில்லை. ஆனால் வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, கண்டதாகப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தார். பிரமனுக்குக் கோயில் இல்லாமல் போனது. தாழம்பூ பூசைக்கு ஆகாத பூ ஆனது.

நெருப்பின் பிரமாண்டத்திலேயே மனம் லயித்துப்போவதால் இந்தத் தீர்ப்பின் நுட்பத்தைப் பலரும் கவனிப்பதில்லை. போட்டியில் இருவருமே தோற்றவர்கள்தான். தோற்றதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. தோல்வியை மறைத்தவரே தண்டிக்கப்பட்டார்.

2025இல் தாழம்பூ மறுபடி ஒருமுறை விழுந்தது, இந்தத் தடவை மலேசியாவில். அந்த ஆண்டு ஜூன் 10 அன்று ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. மலேசிய அணியில் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்று வெளிநாட்டு வேர் கொண்ட ஏழு பேர் ஆடினார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிகள் மலேசிய மண்ணில் பிறந்தவர்கள் என்று காகிதங்கள் சொல்லின. ஃபிஃபா மூலச் சான்றிதழ்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அந்த முன்னோர்கள் பிறந்த இடம் வேறாக இருந்தது. செப்டம்பரில் ஏழு பேருக்கும் 12 மாதத் தடை வந்தது, மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் வந்தது. சங்கம் இதைத் தொழில்நுட்பப் பிழை என்றது. பிரமனைக் கேட்டிருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இதில் விவாதத்துக்கு இடமே இல்லை என்று தோன்றலாம். போலிச் சான்றிதழ் போலிதானே. ஆனால் போலிச் சான்றிதழுக்கு முன்னால் ஒரு மனநிலை இருக்கிறது. தோற்பதைத் தாங்க முடியாத மனநிலை. விளையாட்டின் முதல் அறம் முடிவை மதிப்பது, அந்த முடிவு நமக்கு எதிராக இருந்தாலும். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். இதைச் சொல்ல மலேசியா வரை போகத் தேவையில்லை. நம்முடைய சென்னை அணி கோப்பை வாங்கிய இரவே போதும்.

இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியது. 2015 அதன் இரண்டாவது பருவம். பாதிப் பருவத்தில் பட்டியலின் அடியில் கிடந்த சென்னையின் எஃப்.சி., இத்தாலியரான மார்கோ மாத்தராட்ஸியின் பயிற்சியில் கடைசிக் கட்டத்தில் அடுத்தடுத்து வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அப்போது சென்னை நீரில் மிதந்துகொண்டிருந்தது. டிசம்பர் வெள்ளத்தால் சொந்த ஊர் அரையிறுதி புனேவுக்குப் போனது; அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று சாய்த்தார்கள். கூரை மேல் உட்கார்ந்து உணவுப் பொட்டலத்துக்குக் காத்திருந்த ஊருக்கு அது எப்படிப்பட்ட செய்தியாக இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இறுதி ஆட்டம் டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில், கோவா அணிக்கு எதிராக. எதிரணியின் பயிற்சியாளர் பிரேசிலின் ஜீக்கோ. சென்னையிலும் தென்னமெரிக்க வாசம்தான்: பிரேசிலிலிருந்து எலானோ, பெலிஸாரி, கொலம்பியாவிலிருந்து மெண்டோசா. பெலிஸாரி முதல் கோலை அடித்தார், ஹாவ்கிப் கோவாவுக்குச் சமன் செய்தார். 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரேயின் ஃப்ரீ கிக் வலைக்குள் போனபோது கோப்பை கோவாவுக்குத்தான் என்று அரங்கமே எழுந்துவிட்டது. 90ஆவது நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டுப் பந்து சொந்த வலைக்குள் போனது. இரண்டு நிமிடம் கழித்து மெண்டோசா. சென்னை 3, கோவா 2.

ஐந்து நிமிடத்தில் கையிலிருந்த கோப்பை பறிபோனால் யாருக்கும் நெஞ்சு வெடிக்கும். அதில் குற்றமில்லை. ஆனால் கோவா தரப்பு பரிசளிப்பைப் புறக்கணித்தது. களத்தில் தன்னைத் தாக்கியதாகக் கோவா அணியின் உரிமையாளர்களில் ஒருவர் புகார் கொடுக்க, கோப்பை வென்ற இரவிலேயே எலானோ கைதாகிப் பின் ஜாமீனில் வந்தார். நடந்தது என்ன என்று இரு தரப்பும் வேறு வேறு கதை சொல்லின. யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பு சொல்வது இங்கே வேலையில்லை. அடுத்த ஆண்டு லீக்கின் ஒழுங்குக் குழு கோவாவுக்கு 11 கோடி ரூபாய் அபராதமும் 15 புள்ளி வெட்டும் விதித்தது. மேல்முறையீட்டில் புள்ளி வெட்டு நீங்கியது, அபராதமும் குறைந்தது. எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய படம் ஒன்றுதான்: வெள்ளத்தில் தவித்த ஊருக்கு வந்த கோப்பையின் பக்கத்தில் ஒரு போலீஸ் நிலையம்.

வென்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வெற்றியின் மதத்தில் அடக்கம் முதலில் கழன்றுவிடும். திருவண்ணாமலையின் பிள்ளையான அருணகிரிநாதரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. தன்னிடம் வாதில் தோற்றவர்களின் காதை அறுப்பது வில்லிபுத்தூராரின் வழக்கமாம். தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்துக் கந்தரந்தாதியில் ஒரு பாட்டுப் பாடி அருணகிரி அவரை மடக்கினார். காது அறுக்கும் முறை இப்போது அருணகிரியுடையது. அவர் அறுக்கவில்லை, இனி யார் காதையும் அறுக்காதீர் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வென்றபின் எப்படி நடப்பது என்பதற்கு இந்த ஊரிலேயே பாடம் இருக்கிறது.

தோல்வியை ஏற்க மறுத்ததில் கோவா ஒன்றும் உலகில் முதல் அல்ல. தென்னமெரிக்க நாடுகளின் சாம்பியன் கிளப்புகளுக்கான போட்டி 1960இல் ஏழு அணிகளோடு தொடங்கியது. இன்று கோபா லிபர்த்ததோரெஸ் என்று உலகறிந்த போட்டி அதுதான். முதல் இரண்டு கோப்பைகளையும் உருகுவேயின் பெனரோல் எடுத்துக்கொண்டது. 1962இல் அதன் எதிரி பெலேயின் சாந்தோஸ். முதல் ஆட்டத்தை மாண்டிவிடியோவிலேயே சாந்தோஸ் 2-1 என்று வென்றுவிட்டது. ஆகஸ்ட் 2 அன்று பிரேசிலில் நடந்த இரண்டாவது ஆட்டம் சமனானாலே போதும். ஆனால் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் பெனரோல் 3-2 என்று முன்னே போனது. கூட்டத்திலிருந்து பாட்டில்கள் பறந்தன. ஆட்டம் நின்றது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு சிலி நாட்டு நடுவர் கார்லோஸ் ரோப்ளெஸ் ஆட்டத்தைத் தொடரச் செய்தார். சாந்தோஸ் ஒரு கோல் போட்டது, 3-3. ஊர் கொண்டாடியது. அதன்பின் வந்தது நடுவரின் அறிக்கை: ஆட்டம் 3-2இலேயே முடிந்துவிட்டது, பிறகு நடந்தது கணக்கில் இல்லை.

அதாவது, உயிருக்கு அஞ்சிய நடுவர் ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஆட்டம் மாதிரி ஒன்றை நடத்திக் காட்டியிருக்கிறார். இதைப் பொய் என்பதா? தீங்கில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடம் கொடுத்திருக்கிறார். ரத்தம் சிந்தாமல் கூட்டத்தைக் கலைத்தது நன்மைதான், மறுப்பதற்கில்லை. இருந்தாலும் பாரதத்தில் அசுவத்தாமன் பெயரைச் சொல்லிப் பாதி உண்மை பேசிய தருமரின் தேர், தரையைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய தேர், அன்றோடு மண்ணில் இறங்கியது. போர் வென்றும் தேர் மேலே ஏறவில்லை. ரோப்ளெஸ் களத்தில் அஞ்சினார், காகிதத்தில் அஞ்சவில்லை. அந்த அறிக்கைதான் அவரை மீட்டது. கொண்டாடி முடித்த சாந்தோஸ் மறுபடி ஆட வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 30 அன்று பொதுவான ஊரான புவனஸ் அயர்ஸில், காயத்திலிருந்து மீண்ட பெலேயின் இரண்டு கோல்களோடு 3-0 என்று வென்றது. இன்று அந்தக் கோப்பையை யாரும் சந்தேகிப்பதில்லை. மூன்றாவது ஆட்டம் இல்லாமல் 3-3ஐ வைத்துக் கோப்பையைக் கொடுத்திருந்தால் அதுவும் தாழம்பூ சூடிய கோப்பையாகவே இருந்திருக்கும்.

நடுவர் உண்மையிலேயே தவறு செய்தால் வாய்மூடி நிற்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நிற்க வேண்டாம். புகார் எழுதலாம், மேல்முறையீடு போகலாம். ஆனால் மனுவை மேடையிலிருந்து இறங்கியபின் எழுத வேண்டும்.

தமிழ் மரபு இந்த விஷயத்தில் தடுமாறவே இல்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். வெண்ணிக்குயத்தியார் என்ற புலவர் கரிகாலனை நோக்கியே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்ற பொருளில் பாடினார். வென்ற வேந்தனிடம் இதைச் சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! அந்தப் பாட்டு புறநானூற்றில் பத்திரமாக இருக்கிறது. சிலம்பில் பாண்டியன் தன் தீர்ப்பு தவறென்று தெரிந்த கணமே ஒப்புக்கொண்டு விழுந்தான். மேல்முறையீட்டுக்கு ஆள் தேடவில்லை. இத்தனை பேரைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, மைதானத்தில் மட்டும் வேறு வேதம் ஓதுவது எப்படிப் பொருந்தும்?

திருவண்ணாமலை அடிவாரத்தில் செருப்புகளைக் கோல் கம்பமாக வைத்துப் பையன்கள் ஆடும் ஆட்டத்தைப் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். நடுவர் கிடையாது. பந்து கையில் பட்டால் எதிரணி கத்தும். பட்டவன் முதலில் இல்லை என்பான், முகத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்ததும் "சரிடா, பட்டுச்சு" என்று பந்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நடப்பான். அந்த நடை எந்த லீக்கிலும் விலைக்குக் கிடைக்காது. அதே பையன் நான்கு வருடம் கழித்து, வயதைக் குறைத்த சான்றிதழோடு தேர்வுக்கு வந்து நிற்கிறான் என்றால், கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்.

பொங்கலுக்கும் சுதந்திர தினத்துக்கும் நம் ஊர்களில் சுழற்கோப்பைப் போட்டிகள் நடக்கின்றன. மைக் செட், வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் வரும்வரை காத்திருப்பு. அதற்குள் தோற்ற அணி பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விடும், இரண்டாம் பரிசை மாமாவோ மச்சானோ வந்து வாங்குவார். போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நோட்டீஸ் அடிக்கும்போது ஒரு வரி சேருங்கள்: முதல் பரிசுக் கோப்பையை, இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியின் கேப்டன் தன் கையால் வழங்குவார். சிறப்பு விருந்தினர் பக்கத்தில் நின்று கைதட்டட்டும்.