துப்புத் துலங்காதவை

நண்பர் ஒருவர் நடத்தும் பத்திரிகைக்கு, துப்புத் துலங்காத குற்றங்களைப் பற்றி மாதம் ஒன்றாக ஓராண்டு எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு விஷயங்களை முன்கூட்டியே தீர்மானித்து அனுப்பச் சொன்னார். நம்ம பக்கத்து விஷயமும் ஒன்றிரண்டு இருக்கட்டும் என்றார். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தருகே ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்களைப் போட்டேன். அதற்குப் பிறகு ஏற்பட்ட சங்கடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் எண்ணுக்கு எதிரே லட்சுமிகாந்தன் கொலை என்று யோசிக்காமல் எழுதினேன். தமிழில் இந்த விஷயத்தை எடுக்கிறவன் அங்கேதான் ஆரம்பிப்பான். 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னையில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனை வழிமறித்துக் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்று, வழக்கு பிரிவி கௌன்சில்வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். குத்தியவர்கள் யார் என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாவதாக ஆளவந்தார் கொலை. 1952இல் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி, மானாமதுரையில் அதைத் திறந்தால் தலையில்லாத உடல், தலை ராயபுரம் கடற்கரை மணலில். எழுதிய கையோடு அடித்தேன். அது துலங்கிவிட்ட வழக்கு; குற்றவாளிகள் தண்டனை பெற்றுவிட்டார்கள். அடித்தபோது எனக்கு லேசாக ஓர் ஏமாற்றம் உண்டாயிற்று. கொன்றவர்கள் அகப்படாமல் இருந்திருந்தால் எவ்வளவு நல்ல விஷயம் என்று தோன்றியது. இப்படித் தோன்றியதை நண்பரிடம் சொல்லவில்லை. ஆனால் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

துப்புத் துலங்காத குற்றத்தில் ஈடுபாடு கொண்டவன், அது துலங்க வேண்டும் என்று விரும்புவதாகத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அவனும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். உண்மையில் துலங்காமை அவனுடைய மூலதனம். 1841இல் நியூயார்க்கில் சுருட்டுக் கடையில் வேலை செய்த மேரி ராஜர்ஸ் என்ற பெண்ணின் பிணம் ஹட்சன் நதியில் கிடைத்தது. அடுத்த ஆண்டே எட்கார் ஆலன் போ, ஊரைப் பாரிஸ் ஆக்கி, பெண்ணின் பெயரைப் பிரெஞ்சுப் பெயராக்கி, பத்திரிகைச் செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு தன் துப்பறிவாளனை அதன்மேல் ஏவினார். கதை தொடராக வந்துகொண்டிருக்கும்போதே வழக்கில் புதிய செய்தி வந்தது. பின்னால் புத்தகத்தில் சேர்த்தபோது, தன் ஊகம் பிசகாகத் தெரியாதபடி சில இடங்களைத் திருத்தி வைத்தார். போவின் மேதைமையில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் திருத்தங்களில் செத்த பெண்ணைப் பற்றிய கவலை எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

லட்சுமிகாந்தன் விஷயத்துக்கே திரும்பினால் இது இன்னும் உறுத்துகிறது. 'சினிமா தூது' என்றும் பிறகு 'இந்து நேசன்' என்றும் பத்திரிகை நடத்தியவர் அவர். பிறர் அந்தரங்கத்தை, அல்லது அந்தரங்கம் என்று ஊர் பேசிக்கொண்டதை, அச்சடித்து விற்பது அவர் தொழில். ஊருக்கே தெரிந்ததுதான் என்பது அந்தத் தொழிலின் ஒரே ஆதாரம். எண்பது ஆண்டுகள் கழித்து நான் அவருடைய சாவை எடுத்துக்கொண்டு, 'அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது' என்று வாக்கியம் அமைக்கும்போது, யாருடைய வாரிசாக எழுதுகிறேன்?

'நம்ம பக்கத்து' விஷயங்களுக்கு வந்தேன். 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே ஒரு பள்ளி மாணவியின் மரணம். நான்கு நாளில், ஜூலை 17ஆம் தேதி, பஸ்கள் எரிந்தன. பள்ளிக்கூட மேஜை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நடந்துபோனார்கள். அந்த நான்கு நாளும் என் தெருவில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எந்த மாடி, எந்த நேரம், யார் யார் என்று டீக்கடையில் சொன்னார்கள். நானும் கேட்டேன், ஒரு கட்டத்தில் நானும் இரண்டு பேருக்குச் சொன்னேன் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. இதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. மகளை இழந்தவர்களின் கேள்வியைக் கேட்கும் தகுதி, அந்த நான்கு நாளில் நடந்துகொண்ட விதத்தால் எங்களுக்கு இல்லாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

அடுத்தது 2024 ஜூன். ஊருக்கு நடுவேயுள்ள கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இதில் மர்மம் என்று சொல்லத் தக்கது எதுவும் கிடையாது. விற்ற இடம் குடித்தவர்களுக்குத் தெரியும், குடிக்காதவர்களுக்கும் தெரியும். அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. எனக்கு விசித்திரமாகப் பட்டது வேறொன்று. சாவு நடந்தவுடன் எல்லோரும் திரும்பிப் பார்த்தது கல்வராயன் மலையை. போலீஸ் மலையேறி ஊறல்களைக் கொட்டியது. மலையில் காய்ச்சுகிறார்கள் என்பது மெய்தான். வெல்லமும் கடுக்காயும் பட்டையும் போட்டு ஊறவைக்கிற அந்தச் சரக்கு வேறு; மெத்தனால் தொழிற்சாலையிலிருந்து வருகிற ரசாயனம். கெட்டது எதுவும் மலையிலிருந்துதான் இறங்கிவரும் என்பது சமவெளியின் பழைய நம்பிக்கை. கோமுகி ஆறும் அங்கிருந்துதான் வருகிறது என்பது அப்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களிடம் இருந்தது. கூலியில்லா உழைப்பும் வரியுமாகப் பல தலைமுறைகள் கழிந்தன. அக்காலத்தில் அங்கே நடந்த எதையும் 'துலங்காத குற்றம்' என்று என் நோட்டில் எழுத முடியவில்லை. குற்றம் துலங்காமல் போக வேண்டுமானால் முதலில் அது குற்றம் என்று எங்காவது ஒரு காகிதத்தில் ஏறியிருக்க வேண்டுமல்லவா? லட்சுமிகாந்தனுக்கு அந்தக் காகிதம் கட்டுக்கட்டாக இருக்கிறது. நம் மர்மங்களுக்கும் ஓர் அந்தஸ்து தேவைப்படுகிறது போலும்.

காகிதத்தில் ஏறிய ஒன்று உண்டு. 2018 பிப்ரவரி 18ஆம் தேதி ஆந்திரத்தில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தன. ஐந்து பேரும் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள், துரத்தலுக்குப் பயந்து ஏரியில் விழுந்து மூழ்கினார்கள் என்று ஒரு தரப்பு. அடித்துப் போட்டார்கள் என்று இன்னொரு தரப்பு. மூன்றாண்டுகளுக்கு முன்னால், 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, சேஷாசலம் காட்டில் 20 பேர் சுடப்பட்டது கொஞ்ச நாளாவது பேச்சாக இருந்தது. ஏரியில் கிடந்த ஐவருக்கு அதுவும் இல்லை. என் பட்டியலில் இதை முதலில் ஒன்பதாவதாக எழுதியிருந்தேன். ஏன் ஒன்பது என்று என்னையே கேட்டபோது கிடைத்த பதில் வெட்கக்கேடானது: கதையில் பிடிப்பு இல்லை. நடிகர் இல்லை, டிரங்குப் பெட்டி இல்லை, ஒரு பெண்கூட இல்லை.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறி, அங்கிருந்து கருமந்துறை போனேன். அந்த ஐவரின் வீடுகளைத் தேடிப் போகவில்லை. நோட்டோடு போய் நிற்க எனக்குத் துணிவில்லை. டீக்கடையில் ஒரு பெரியவரிடம், மரம் வெட்டப் போகிறவர்களைப் பற்றிப் பொதுவாகக் கேட்டேன். நடந்தது என்னவென்று வெளியே யாருக்கும் தெரியாமல் போகிறதே என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"முன்பணம் குடுத்தாங்க, வண்டி வந்துச்சு, ஏறிப் போனாங்க. மழ இல்ல, மரவள்ளிக்கு வெல இல்ல. இதுல ஒங்களுக்கு எது சார் தெரியல?"

திரும்பி வருகிற பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மர்மம் என்று எதுவுமே இல்லை, கேட்கப்படாதது மட்டும்தான் உண்டு என்று ஒரு சித்தாந்தம் கட்டிவிடலாம். முற்போக்கு மேடையில் அது எடுபடும். ஆனால் அது உண்மையல்ல. அந்த ஏரிக்கரையில் கடைசியில் நடந்தது பெரியவருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி அவர் பேசவுமில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். தனக்குத் தெரிந்தது எங்கே முடிகிறதோ அங்கே அவர் நிறுத்திக்கொண்டார். 2022இல் என் தெருவில் ஒருவர்கூட அதைச் செய்யவில்லை. தெரிந்ததைச் சொல்வதும், தெரியாத இடத்தில் ஓர் ஆளை நிறுத்தாமலிருப்பதும், அந்த வெற்றிடத்தை ரசிக்காமலிருப்பதும் சேர்ந்து ஒரே காரியமாக இருக்க முடியுமா? முதலிரண்டும் பழக்கத்தால் கைவரலாம். மூன்றாவதுதான் எனக்குச் சிக்கல். ஆளவந்தாரின் பெயரை அடித்தபோது உண்டான அந்த ஏமாற்றம், ஒண்டிமிட்டா விஷயத்தை எழுத உட்காரும்போதும் எங்கேயோ பதுங்கியிருந்து வேலை செய்யும். நாளைக்கே யாராவது பிடிபட்டு வழக்கு முடிந்தால் நான் சந்தோஷப்படுவேனா, கட்டுரை வீணாயிற்று என்று நினைப்பேனா? சந்தோஷப்படுவேன் என்றுதான் எழுத விரும்புகிறேன்.

நண்பருக்குப் பட்டியல் அனுப்பவில்லை. ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்று மட்டும் கடிதம் போட்டேன். அதில் முன்பணம் எவ்வளவு, தரகர் எந்த ஊர்வரை வருவார், வண்டி எந்தப் பாதையில் இறங்கும், சேலத்தில் எந்த வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள் என்பவை இருக்கும். ஏரியோடு கட்டுரை நின்றுவிடும். மர்மத் தொடரில் இது எப்படிப் பொருந்தும் என்று பதில் எழுதியிருக்கிறார். அடுத்த மாதத்துக்கு லட்சுமிகாந்தன் உண்டா என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் போடவில்லை.