‘நீதி’ என்ற கடைசி வரி

“சின்னப் பிள்ளைங்க கதையிலயாவது உங்க அரசியல விட்டு வையுங்களேன்.”

எங்கள் தெருவில் நாங்கள் நடத்தும் மாலைப் பள்ளிக்கு வந்திருந்த ஒரு தமிழாசிரியர் சொன்னது இது. நல்ல மனுசர். அவருக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, எனக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏகலைவன் கதையை ஐந்தாம் வகுப்பில் கேட்டேன். வேடர் மகன். துரோணர் சேர்த்துக்கொள்ளவில்லை. மண்ணில் அவர் உருவத்தைச் செய்து வைத்து வில் பழகினான். தட்சணையாக வலது கைக் கட்டைவிரலைக் கேட்டார். அறுத்துக் கொடுத்தான். நீதி: குருபக்தி. வாத்தியார் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது, சேரிப் பிள்ளைகள் நாலு பேர் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தோம். ஏன் தனியாக என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலிருக்கத்தானே அந்தப் பாடம்.

இது அரசியல் இல்லையா? மகாபாரதத்தின் ஆதி பருவம் ஒளிவு மறைவில்லாமல்தான் பேசுகிறது. நிஷாதன் என்பதால் துரோணர் சேர்க்கவில்லை. உனக்குச் சமமான வில்லாளி உலகில் இருக்க மாட்டான் என்று அர்ச்சுனனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவே விரலைக் கேட்டார். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இரண்டு காரணமும் மெலிந்துபோய், விரல் கொடுத்தவனின் பெருமை மட்டும் மிஞ்சுகிறது. நந்தன் கதையும் இப்படித்தான் வந்து சேர்ந்தது. தில்லையில் அவர் தீயில் இறங்கியதைப் பக்தி என்று படித்தோம். சாமி கும்பிட எதுக்குத் தீ என்று கேட்க விடவில்லை.

1985 முதல் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு அரசு துரோணாச்சாரியா விருது தருகிறது. 1997-98இல் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய உறைவிடப் பள்ளித் திட்டத்துக்கு ஏகலைவன் பெயர். சொல்லிக் கொடுக்க மறுத்தவர் பெயரில் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு விருது. பெயர் வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்க மாட்டார்கள். நம்மைப் போலவே கடைசி வரியைப் படித்து வளர்ந்தவர்கள்.

இதுவரை தோழர்களுக்குப் பழக்கமான பேச்சு. என் சங்கடம் இனிமேல்தான்.

மாலைப் பள்ளியில் நான் கதையை மாற்றிச் சொன்னேன். என் ஏகலைவன் விரல் தரவில்லை. “நீ எனக்கு என்னா சொல்லிக் குடுத்த, போய்யா” என்று வில்லை எடுத்துக்கொண்டு நடந்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆறாவது படிக்கிற ஒருத்தி மட்டும் தட்டவில்லை.

“அண்ணா, குடுக்கலன்னா அவங்க சும்மா உட்ருவாங்களா? ராத்திரி வந்து வூட்டக் கொளுத்த மாட்டாங்க?”

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த கதையை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் ஊர் எப்படி இருக்கும் என்று தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவதைப் பார்த்து வளர்ந்தவள். நான் சொன்ன கதையில் வீரம் இருந்தது, ஊர் இல்லை. குருபக்திக் கதை அநியாயத்தை மறைத்தது. என் கதை எதிர்ப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலையை மறைத்தது. இரண்டிலும் கடைசி வரி பெரியவர்களுடையது. பிள்ளைகளுக்குக் கைதட்டுவது மட்டும்தான் வேலை.

அன்றிரவு பாரதத்தை எடுத்துப் புரட்டினேன். துரோண பருவத்தில், கடோத்கசன் செத்த பிறகு, உன் நன்மைக்காகத்தான் ஏகலைவனையும் கொன்றேன் என்று அர்ச்சுனனிடம் கிருஷ்ணன் சொல்லும் இடம் வருகிறது. எம்.ஏ. படித்த காலத்தில் கண்ணில் பட்டும் தாண்டிப்போன இடம். விரலைக் கொடுத்த பிறகும் அவனை விடவில்லை. பிள்ளைகளுக்கான புத்தகம் எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கதையை முழுசாகச் சொன்னேன், கொலை வரைக்கும். துரோணர் செய்தது அநியாயம் என்றும் சொன்னேன். அதில் நடுநிலை எனக்குக் கிடையாது; தமிழாசிரியர் மன்னிக்க வேண்டும். ஆனால் ஏகலைவன் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு விரலைக் கேட்கப் போவது அந்தப் பிள்ளைகளிடம். கொடுப்பதா மறுப்பதா என்று மேடையிலிருந்து நான் தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

பிள்ளைகள் சண்டை போட்டார்கள். “குடுத்தாலும் கொல்றாங்கன்னா குடுக்காமயே இருந்திருக்கலாம்ல” என்றான் ஒருவன். “தனியாப் போனதுதான் தப்பு, கூட நாலு பேரு போயிருக்கணும்” என்றான் இன்னொருவன். அவள் கேட்டது வேறு:

“ரத்தத்தோட வூட்டுக்குப் போனப்ப அவங்க அம்மா என்னா சொல்லியிருப்பாங்க?”

பாரதத்தில் அது இல்லை. என்னிடமும் இல்லை. அவளையே எழுதச் சொல்லி ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள், இன்னும் முடியவில்லை என்கிறாள். முடிந்ததும் முதலில் தமிழாசிரியரிடம்தான் காட்ட வேண்டும்.